பைல் எண்ணும் தேதியும் கையில் இருக்கட்டும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை யூசிசி (யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பு) பதிவுகள் பற்றியே கேட்கின்றன. காரணம் தெரிந்ததுதான். 2020, 2021-இல் அமெரிக்காவில் சிறு தொழில் செய்பவர்கள் வாங்கிய கடன்களுக்குப் போட்ட பதிவுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் ஐந்து வருட ஆயுளின் முடிவைத் தொடுகின்றன. கடன் ஆவணப் பிரிவில் பல வருடமாக வேலை பார்ப்பவள் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குத் தினமும் காதில் விழுபவை. முறையாகவே பதில் சொல்கிறேன்.

முதன்முறையாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கடன் கொடுத்தவர் உங்கள் கடைச் சரக்கு, சாமான், வரவேண்டிய பாக்கி ஆகியவற்றின் மேல் தனக்கு ஈட்டு உரிமை (லியன்) இருக்கிறது என்று மாநிலப் பதிவு அலுவலகத்தில் போட்டு வைக்கும் அறிவிப்புதான் யூசிசி-1. அதற்குப் பிறகு செய்யும் நீட்டிப்பு, திருத்தம், நீக்கம் எல்லாமே யூசிசி-3 படிவத்தில்.

அக்கா, 2020-இல் கோவிட் சமயத்தில் எஸ்பிஏ-வின் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசு அமைப்பு) இஐடிஎல் என்ற பேரிடர்க் கடன் 1,40,000 டாலர் வாங்கினேன். ஒழுங்காகக் கட்டி வருகிறேன். இப்போது கடையை விரிவாக்க வங்கியில் கடன் கேட்டால், "உங்கள் எல்லாச் சொத்தின் மேலும் எஸ்பிஏ லியன் இருக்கிறது" என்கிறார்கள். ஐந்து வருடம் ஆனால் லியன் தானாகப் போய்விடும் என்று நண்பர் சொன்னார். காத்திருக்கலாமா?
— மளிகைக் கடை உரிமையாளர், எடிசன், நியூ ஜெர்சி

காத்திருக்காதீர்கள் தம்பி. நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை நம்பி இறங்கினால் சிக்கல்.

25,000 டாலருக்கு மேற்பட்ட இஐடிஎல் கடன்களுக்கு எஸ்பிஏ ஈடு கேட்டது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் "வியாபாரத்தின் எல்லாச் சொத்தும்" என்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதை வைத்துத்தான் யூசிசி-1 போட்டார்கள். அந்தப் பதிவுக்கு ஆயுள் ஐந்து வருடம். உங்கள் கடனுக்கு 30 வருடம், 3.75 சதவீத வட்டி. கடனும் பதிவும் வேறு வேறு. பதிவு காலாவதியானாலும் நீங்கள் கட்ட வேண்டியது அப்படியே இருக்கும். உங்களுக்கும் எஸ்பிஏ-வுக்கும் இடையில் ஈட்டு உரிமையும் அப்படியே இருக்கும். கடன் கொடுத்தவர் இழப்பது, உங்களுக்குக் கடன் கொடுத்த மற்றவர்களுக்கு எதிரான தன் வரிசையை மட்டும்தான். அதுவும் அவர் நீட்டிக்காமல் விட்டால்தான். நீட்டிப்புப் பதிவு போட்டுவிட்டால் இன்னொரு ஐந்து வருடம்.

முதலில் உங்கள் மாநிலத் தளத்தில் உங்கள் எல்எல்சி-யின் (பதிவுபெற்ற நிறுவனத்தின்) பெயரைப் போட்டுத் தேடுங்கள். கடன் கையெழுத்தான தேதியும் யூசிசி பதிவான தேதியும் ஒன்றாக இருக்காது, சில வாரம் தள்ளிக்கூட இருக்கலாம். ஐந்து வருடக் கணக்கு பதிவான தேதியிலிருந்துதான். அந்தப் பதிவின் கீழே நீட்டிப்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், உங்களுக்கு உண்மையில் வேண்டியது லியன் போவது இல்லை. புதிய வங்கிக்கு முதல் இடம் கிடைப்பதுதான். அதற்கு எஸ்பிஏ-விடம் "என் லியனை உங்களுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதித் தரும்படி கேட்கலாம். இதை சபார்டினேஷன் என்பார்கள். புதிய கடன் எதற்கு, எவ்வளவு, எந்தச் சொத்தின் மேல் என்ற விவரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக்காரரிடம் இந்த வார்த்தையைச் சொன்னாலே அடுத்து என்ன கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார். நாள் பிடிக்கும் வேலை, இன்றே ஆரம்பியுங்கள்.

நண்பரின் உணவகத்துக்கு என் சேமிப்பிலிருந்து கடன் கொடுத்தேன். வக்கீல் ஈட்டு ஒப்பந்தம் எழுதித் தந்தார், யூசிசி-1-ஐ நானே ஆன்லைனில் போட்டேன். பதிவான தேதி 14 செப்டம்பர் 2021. நடுவில் புதிய அடுப்பும் குளிர்சாதன அறையும் வாங்கியதால் 2023-இல் திருத்தம் போட்டு அவற்றையும் சேர்த்தேன். அப்படியானால் எனக்கு 2028 வரை நேரம் இருக்கிறதா?
— வாசகர், டல்லாஸ், டெக்சாஸ்

இல்லை சார். இந்தத் தவறான நினைப்பு பலருக்கும் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருத்தம் போட்டால் ஆயுள் நீளாது. உங்கள் பதிவு 14 செப்டம்பர் 2026-இல் காலாவதியாகும். நீட்டிப்பு போட உங்களுக்குக் கிடைப்பது கடைசி ஆறு மாதம் மட்டும், அதாவது 14 மார்ச் 2026-இலிருந்து. மார்ச் 13 அன்று போட்டால் அது செல்லாது. அலுவலகம் கவனித்துத் திருப்பி அனுப்பினால் உங்கள் அதிர்ஷ்டம். கவனிக்காமல் வாங்கிப் பதிந்து, ரசீதும் கொடுத்துவிட்டாலும் செல்லாதது செல்லாததுதான். "முன்கூட்டியே முடித்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயம் வரும். தாமதமானவருக்காவது தாமதம் என்று தெரியும்.

அந்த ஆறு மாதம் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் போட்டுவிடுங்கள். கடைசி வாரத்துக்கு வைத்தால், கட்டணம் சரியில்லை, எண் தப்பு என்று திரும்பி வந்தால் மறுபடி அனுப்ப நாள் இருக்காது. படிவத்தில் கேட்கும் பைல் எண், முதலில் போட்ட யூசிசி-1-இன் எண். உங்களிடம் இப்போது இரண்டு ரசீது இருக்கும். 2023 திருத்தத்தின் எண்ணைக் கைதவறி எழுதிவிடாதீர்கள். நீட்டிப்பை வேறு எந்த மாற்றத்தோடும் சேர்க்காமல் தனி யூசிசி-3 ஆகவே போடுங்கள், அதுதான் என் பழக்கம். சரியாகப் போட்டால் அடுத்த ஐந்து வருடம் பழைய காலாவதித் தேதியிலிருந்து ஓடும், ஆகவே 14 செப்டம்பர் 2031 வரை. நீங்கள் மார்ச்சில் போட்டதால் ஆறு மாதம் குறைந்துவிடாது.

தவறவிட்டால்? புதிதாக யூசிசி-1 போடலாம், ஆனால் உங்கள் இடம் அந்தப் புதிய தேதியிலிருந்துதான். அதோடு நிற்காது. விலை கொடுத்து வாங்கியவர்கள், ஈட்டின் பேரில் கடன் கொடுத்தவர்கள் ஆகியோருக்கு எதிராக உங்கள் பழைய பதிவு எப்போதுமே இருந்ததில்லை என்றுதான் சட்டம் கருதும். 2022-இல் உங்களுக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றவர்கூட முன்னால் போய்விடுவார்.

நண்பரின் உணவகம் திவால் மனு போட்டிருந்தாலும் நீட்டிப்பு போட்டே ஆக வேண்டும். திவால் வழக்கு வந்ததும் வசூல் நடவடிக்கைகள் நிற்கும், அதனால் இதுவும் நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிற்காது. நீட்டிப்புப் பதிவுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. 2001-க்கு முன்னால் திவால் காலத்தில் கடிகாரம் நின்ற சட்டம் இருந்தது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதையே சொல்வார்கள்.

இன்னொன்று. இந்த ஐந்து வருடத்தில் உணவகத்தின் எல்எல்சி பெயர் மாறியதா என்று மாநிலத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடைப் பலகையில் பெயர் மாறினால் கவலை இல்லை. பதிவுபெற்ற பெயர் மாறி, புதிய பெயரில் தேடினால் உங்கள் பதிவு கிடைக்காது என்ற நிலை வந்தால், மாறிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் திருத்தம் போட வேண்டும். இல்லையென்றால் அதற்குப் பிறகு வாங்கிய சாமான்கள் உங்கள் பதிவின் பாதுகாப்புக்குள் வராது. நிறுவனத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றியிருந்தாலும் நான்கு மாதக் கெடு உண்டு. ஆனால் அப்போது திருத்தம் போதாது, புது மாநிலத்தில் புதிதாகப் பதிய வேண்டும்.

எல்எல்சி இல்லாமல் தன் சொந்தப் பெயரில் டிரக் பழுது பார்க்கும் கடை நடத்துபவருக்குக் கடன் கொடுக்கப் போகிறேன். நம் ஊர்க்காரர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஓட்டுநர் உரிமத்தில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பெயரில் பதிவது?
— வாசகி, சார்லட், வட கரோலினா

நம் ஆட்களுக்கே வரும் பிரச்சினை இது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு ஒரே பெயரோடு வாழ்ந்தவர்களை, இங்குள்ள படிவம் இரண்டு கட்டங்களுக்குள் அடைக்கப் பார்க்கிறது. விசாவில் ஒரு விதம், உரிமத்தில் ஒரு விதம், வரிக் கணக்கில் இன்னொரு விதம் என்று ஆகிவிடுகிறது.

2013 ஜூலையிலிருந்து பெரும்பாலான மாநிலங்களில் விதி தெளிவு: தனிநபர் கடனாளி என்றால், அவர் வசிக்கும் மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயர். பிறப்புச் சான்றிதழோ ஊரில் கூப்பிடும் பெயரோ கணக்கில் வராது. உரிமத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். "ழ"-வுக்கு அவர் இசட் போட்டிருக்கிறாரா, எல் போட்டிருக்கிறாரா என்பது முக்கியம். நமக்குப் பழகிய எழுத்துக்கூட்டலில் கை தானாகப் போகும், அங்கேதான் தப்பு நடக்கும்.

எஃப்என்யூ விஷயத்தில் என் பழக்கம் இது: உரிமத்தில் உள்ளபடியே ஒரு கடனாளிப் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி கூடுதல் கடனாளியாக இன்னொன்று. படிவத்தில் இரண்டாவது பெயருக்கு இடம் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு தடவை வருவதில் தப்பில்லை. எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்த உரிமம் எப்போது முடிகிறது என்பதையும் உங்கள் கோப்பில் குறித்து வையுங்கள். புதுப்பிக்கும்போது பெயரைச் சரிசெய்துகொண்டு வருபவர்கள் நிறைய. அப்போது நான் மேலே சொன்ன நான்கு மாதக் கெடு உங்களுக்கும் ஓட ஆரம்பித்துவிடும். மற்றபடி, பழுது பார்க்கும் கருவிகளுக்கு யூசிசி போதும். அவருடைய சொந்த டிரக்கையும் ஈடாக வாங்குவதாக இருந்தால் அந்த லியன் வாகனத்தின் உரிமைச் சான்றான டைட்டிலில் ஏற வேண்டும், யூசிசி-1 அதற்கு உதவாது.

ஒரு உலர்சலவை நிலையத்தை வாங்கப் போகிறோம். விற்பவர் "எந்தக் கடனும் இல்லை" என்கிறார். தேடல் அறிக்கை ஒன்றையும் தானே எடுத்துக் கொடுத்தார், அதில் ஒன்றும் இல்லை. நம்பலாமா?
— தம்பதி, ஆர்லாண்டோ, புளோரிடா

அவரை நம்புங்கள், அறிக்கையை நம்பாதீர்கள். தேடல் முடிவு என்பது, அடித்த பெயருக்கு வந்த பதில். அவர் எந்தப் பெயரை அடித்தார், எந்த மாநிலத்தில் அடித்தார், எந்த நாள் வரைக்கும் அடித்தார் என்ற மூன்றும் தெரியாமல் "ஒன்றும் இல்லை" என்பதற்கு அர்த்தமே கிடையாது.

மாநிலத்தை முதலில் எடுப்போம். கடை ஆர்லாண்டோவில் இருந்தாலும், எல்எல்சி டெலாவேரில் பதிவானது என்றால் யூசிசி டெலாவேரில்தான் இருக்கும். புளோரிடாவில் தேடினால் சுத்தமாகத்தான் தெரியும்.

பெயருக்கு உங்கள் மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1944 பீச் புலவார்ட் எல்எல்சி என்ற நிறுவனத்துக்கு லைவ் ஓக் வங்கி கடன் கொடுத்தது. பதிவில் "புலவார்ட்" என்ற சொல்லை முழுதாக எழுதாமல், முகவரியில் எழுதுவது போல நான்கு எழுத்தில் சுருக்கி எழுதினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். 2022-இல் புளோரிடா உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? சரியான பெயரில் தேடும்போது, வழக்கமான தேடல் முறைப்படி தவறான பதிவும் கண்ணில் பட்டால் மன்னிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. ஆனால் அப்போது புளோரிடாவின் தளம் பொருந்துவதை மட்டும் காட்டாமல், மொத்தப் பட்டியலையும் ஒரு இடத்திலிருந்து திறந்து, முன்னும் பின்னும் புரட்ட விட்டது. அது சட்டம் சொல்லும் வழக்கமான தேடல் முறையே இல்லை, ஆகவே சலுகையும் இல்லை, பெயர் பிசகினால் பதிவு பயன்படாது என்றது. பதிகிறவர்களுக்கு இது பெரிய பாடம். தேடுகிற உங்களுக்கு நான் சொல்வது: பட்டியலில் முன்னும் பின்னும் சில பக்கங்கள் புரட்டித்தான் பாருங்கள். பணம் உங்களுடையது.

வரித் துறை லியன் வந்தால் கதை மாறிவிடும். 2005-இல் மிச்சிகனில் ஸ்பியரிங் டூல் என்ற நிறுவனத்தின் வழக்கில், மத்திய வரித் துறையான ஐஆர்எஸ் தன் லியனைச் சுருக்கிய பெயரில் பதிந்திருந்தது. கடன் கொடுத்தவர் பதிவுபெற்ற பெயரை அப்படியே போட்டுத் தேடினார், லியன் வரவில்லை. ஆனாலும் ஐஆர்எஸ் பக்கம்தான் தீர்ப்பு. யூசிசியின் பெயர் விதி ஐஆர்எஸ்-ஐக் கட்டுப்படுத்தாது, வழக்கமான சுருக்கங்களிலும் தேடியிருக்க வேண்டும் என்று ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "அண்ட்" என்பதைக் குறியாகவும், "கம்பெனி" போன்றவற்றைச் சுருக்கியும் தனித்தனியாகத் தேடுங்கள். இன்னொரு முக்கியமான வேறுபாடு: ஐஆர்எஸ் லியன் நிறுவனம் பதிவான மாநிலத்தில் இருக்காது, தலைமை அலுவலகம் இருக்கும் மாநிலத்தில் இருக்கும். டெலாவேர் எல்எல்சி என்றாலும் இதைப் புளோரிடாவில்தான் தேட வேண்டும்.

நாள் விஷயம். ஒவ்வொரு அறிக்கையிலும் "இந்தத் தேதி வரை பதிவானவை" என்று ஒரு வரி இருக்கும். அதற்கும் இன்றைக்கும் நடுவில் போட்டவை அதில் வராது. பணம் கைமாறுவதற்கு முன் ஒரு தடவை, முடிந்த பின் இடைவெளியை மூட இன்னொரு தடவை எடுங்கள். நடுவில் ஒரு பகுதிப் பணத்தை வக்கீல் கணக்கில் நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.

உலர்சலவை என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பெரிய இயந்திரங்கள் கட்டடத்தோடு பொருத்தப்பட்டிருந்தால் அவற்றின் மேலான பதிவு மாநில அலுவலகத்தில் இல்லாமல் கவுன்டி நில ஆவணங்களில் இருக்கலாம். அங்கேயும் பாருங்கள். நீதிமன்றத் தீர்ப்பு லியன்களுக்குப் புளோரிடாவில் தனிப் பதிவேடு இருக்கிறது. விற்பவர் இந்த எல்எல்சியை இதற்கு முன்னால் எந்தப் பெயரில் வைத்திருந்தார், இயந்திரங்களை யாரிடம் வாங்கினார் என்றும் கேட்டு, அந்தப் பெயர்களிலும் தேடுங்கள். பழைய உரிமையாளர் வாங்கிய கடனின் லியன், சாமான் கை மாறினாலும் அதோடு கூடவே வரும்.

பட்டியலில் கடன் கொடுத்தவர் பெயருக்குப் பதிலாக "பிரதிநிதி" என்று ஏதோ ஒரு சேவை நிறுவனத்தின் பெயர் இருந்தால், விற்பவரிடம் அது யாருக்காக என்று எழுதி வாங்குங்கள். கடன் கொடுத்துவிட்டுத் தினப்படி விற்பனையிலிருந்து பணம் பிடிப்பவர்கள் இப்படி மறைவாகப் பதிவது சகஜம்.

இயந்திரக் கடனை 2023-இலேயே அடைத்துவிட்டேன். ஆனால் தேடினால் லியன் இன்னும் நிற்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் போனில் "பார்க்கிறோம்" என்கிறது.
— அச்சக உரிமையாளர், சான் ஹோசே, கலிபோர்னியா

போன் வேண்டாம், எழுதுங்கள். வியாபாரக் கடனில், நீங்கள் கையெழுத்திட்டுக் கேட்டால்தான் அவர்களுக்குக் கடமை தொடங்குகிறது. கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் நீக்கப் பதிவைப் போட வேண்டும், அல்லது உங்களுக்கு அனுப்ப வேண்டும். கடிதத்தில் பைல் எண், பதிவான தேதி, கடனை அடைத்த தேதி மூன்றையும் எழுதி, அடைத்ததற்கான ரசீதை இணைத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கும் தபாலில் அனுப்புங்கள். ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்: அதே நிறுவனத்தில் உங்களுக்கு வேறு கடனோ, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் கடன் வரம்போ திறந்திருந்தால் அவர்கள் நீக்க வேண்டியதில்லை. வரம்பை மூடச் சொல்லியும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

20 நாள் தாண்டினால் சட்டம் உங்களுக்கு 500 டாலரும், உண்மையான நஷ்டம் இருந்தால் அதையும் கேட்க வழி விடுகிறது. அதைவிடப் பயனுள்ளது, நீங்களே யூசிசி-3 நீக்கப் பதிவைப் போடலாம். ஒன்பதாவது கட்டத்தில், இதற்கு அனுமதி கொடுப்பவர் கடனாளி என்ற சிறு பெட்டியில் குறியிட்டு உங்கள் நிறுவனப் பெயரை எழுத வேண்டும். அந்தக் குறி இல்லாவிட்டால் பதிவு செல்லாது. உங்கள் கடிதமும் 20 நாளும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

நீக்கம் ஏறிய பிறகும் பழைய யூசிசி-1 தேடலில் தெரியும். பதறாதீர்கள். பதிவு காலாவதியாகி ஒரு வருடம் ஆகும் வரையாவது அலுவலகம் அதை வைத்திருக்க வேண்டும். அதன் கீழே நீக்கம் என்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வங்கி கேட்டால் அந்த நீக்கத்தின் நகலைக் கொடுங்கள்.

கடன் கொடுத்தவர் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களும் இந்தப் பகுதியைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு ஒன்று: நீக்கம் போடும் முன் பைல் எண்ணை உரக்கப் படியுங்கள், இன்னொருவர் ஒத்துப் பார்க்கட்டும். 2008-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 300 மில்லியன் டாலர் கடன் ஒன்றை அடைத்தபோது, தயாரித்த நீக்கப் பட்டியலில் சம்பந்தமே இல்லாத 1.5 பில்லியன் டாலர் கடனின் பதிவும் சேர்ந்துகொண்டது. வக்கீல்கள் பார்த்தார்கள், கடன் கொடுத்த தரப்பான ஜேபி மோர்கன் வங்கியின் பக்கத்திலும் பார்த்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. அப்படி நினைத்துச் செய்யவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. பதிவைப் போட அனுமதி கொடுத்தீர்கள், ஆகவே செல்லும் என்று 2015-இல் இரண்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் யூசிசி பதிவின் நகல் வாங்கப் பணம் அனுப்பும்படி அரசு முத்திரை போன்ற ஒன்றோடு கடிதம் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா?
— வாசகி, அட்லாண்டா, ஜார்ஜியா

வேண்டாம். புதிதாகப் பதிவானவர்களின் பெயரைப் பொதுப் பதிவேட்டிலிருந்து எடுத்து அனுப்பும் விற்பனைக் கடிதம் அது. பொடி எழுத்தில் "இது அரசு அலுவலகம் அல்ல" என்று எங்காவது இருக்கும். உங்களுக்கு நகல் வேண்டுமென்றால் ஜார்ஜியாவில் கவுன்டி மேல்நிலை நீதிமன்ற எழுத்தர்கள் பதியும் யூசிசிகளுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டவணை இருக்கிறது. அங்கே நேரடியாக எடுங்கள்.